விடுதிக்கு எந்த டூர்னிகெட்? தொற்றுக்கும் மறதிக்கும் இடையே ஒரு தெரிவு

குருதி எடுக்கும்போதும், நாளத்துக்குள் செருகும் மெல்லிய குழாயான கனூலா போடும்போதும் கையில் கட்டப்படும் டூர்னிகெட் பட்டி, வைத்தியசாலை விடுதியின் தேவைப் பட்டியலில் பஞ்சுக்கும் பிளாஸ்டருக்கும் நடுவே ஒற்றை வரியாக வந்து போகும் பொருளாகும். பொறுப்புத் தாதி எண்ணிக்கையை எழுதிக் கொடுப்பார், களஞ்சியம் கையிருப்பில் உள்ளதை அனுப்பும், கையிருப்பு இல்லையென்றால் விடுதி ஏதோ ஒன்றைக் கட்டிச் சமாளித்துக்கொள்ளும். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளுக்கே தட்டுப்பாடு நிலவியபோது இவ்வாறு சமாளிப்பதை எவரும் குறைசொல்ல முடியாது. நெருக்கடியில் பழகிய பழக்கம் நெருக்கடி தணிந்த பின்னும் தொடர்வதாயின், எந்தப் பட்டியை, என்ன விதியுடன் பயன்படுத்துவது என்பதை ஒவ்வொரு விடுதியும் ஒருமுறை உட்கார்ந்து பேசித் தீர்மானித்துக்கொள்வது நல்லது.

இந்த ஒப்பீடு, திருகோணமலை மாவட்டத்தில் 40 கட்டில்களுடன் இயங்கக்கூடிய ஒரு பொது மருத்துவ விடுதியை மனதில் நிறுத்திச் செய்யப்படுகிறது. குறிப்பிட்ட எந்த வைத்தியசாலையையும் இது சுட்டவில்லை. நகரத்து நோயாளருடன் கிண்ணியா, மூதூர், கந்தளாய், குச்சவெளி, புல்மோட்டைப் பக்கங்களிலிருந்து வருவோரும் அங்கே இருப்பர். தமிழும் சிங்களமும் ஒரே கட்டில் வரிசையில் ஒலிக்கும். தாதியரும் குருதி எடுப்பர், உள்ளகப் பயிற்சி மருத்துவர்களும் எடுப்பர். ஆகவே ஒருவர் கட்டிய பட்டியை வேறொருவர் அவிழ்க்க நேர்வது அங்கே அன்றாடம் நிகழக்கூடியது.

பட்டியால் விளையும் தீங்குகள் மூன்று. ஒரு நோயாளியின் தோலிலுள்ள கிருமி பட்டியின் வழியே இன்னொருவரைச் சேர்வது ஒன்று. கட்டிய பட்டியைக் கழற்ற மறந்துவிடுவது இன்னொன்று. கட்டு நீண்ட நேரம் இருப்பதால் குருதி மாதிரியின் அளவீடுகள் பிழையாகிப் போவது மூன்றாவது. தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதி உத்தியோகத்தரிடம் கேட்டால் முதலாவதையே முதலில் சொல்வார். கொள்வனவு பற்றிய பேச்சும் பெரும்பாலும் அதைச் சுற்றியே நடக்கும். என் கணிப்பில் பொது மருத்துவ விடுதியைப் பொறுத்தவரை மறதியே கூடுதல் ஆபத்தானது. முதலாவதைத் தீர்ப்பதற்கென்று வாங்கும் பொருள் இரண்டாவதை மோசமாக்கிவிடக்கூடும் என்பதுதான் தெரிவைச் சிக்கலாக்குகிறது.

பட்டி எப்போது மறக்கப்படுகிறது

குருதி மாத்திரம் எடுக்கும்போது பட்டியை மறப்பது அரிது. பட்டி இறுக்கத்தில் இருக்கையில் ஊசியை உருவினால் துளையிலிருந்து குருதி கசியும், தோலுக்கடியில் வீக்கம் காணும். நோயாளியின் உடலே நினைவூட்டிவிடும். கனூலா போடும்போது அப்படியல்ல. நாளம் கிடைத்து, கனூலாவின் பின்முனையில் குருதி தெரிந்தவுடன் கவனம் முழுவதும் அங்கேயே குவிந்துவிடுகிறது. ஊசியை உருவ வேண்டும், மூடியைப் போட வேண்டும், பிளாஸ்டர் ஒட்ட வேண்டும், சேலைனை இணைக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் வாந்தியெடுத்தாலோ தொலைபேசி அடித்தாலோ, மேலே ஏற்றிவிட்ட சட்டைக் கையோ அபாயாவின் நீண்ட கையோ இறங்கிப் பட்டியை மூடிவிடும்.

அதன் பின் நடப்பதைப் படிப்படியாகப் பார்த்தால்தான் ஆபத்தின் தன்மை விளங்கும். சேலைன் சொட்டு விழாது. அதைக் காண்பவர் திருகியை முழுவதும் திறந்து பார்ப்பார், மணிக்கட்டைச் சற்றுத் திருப்பி வைப்பார், கனூலா அடைத்துவிட்டதென்று எண்ணிச் சிரிஞ்சினால் தள்ளியும் பார்ப்பார். சட்டைக் கையை மேலே உயர்த்திப் பார்க்கத் தோன்றுவது கடைசியில்தான். அதற்குள் கை நீலம்பாரித்து வீங்கி, விரல்கள் விறைத்து, பட்டி இருந்த இடத்தில் தோல் வரி வரியாகத் தடித்திருக்கும். கட்டு மணிக்கணக்கில் நீடித்தால் நரம்பும் தசையும் பாதிக்கப்படும். அவசரத்துக்கு ஏற்றிய மருந்து கையிலேயே தேங்கி நின்று, பட்டி அவிழ்ந்த கணத்தில் மொத்தமாக உடலுக்குள் இறங்கும் அபாயமும் உண்டு.

நினைவு தெளிவாக உள்ளவர் "மிஸ், கை விறைக்குது" என்று கூப்பிடுவார். பக்கவாதத்தால் உணர்விழந்த கையை உடையவர், மயக்கநிலையில் இருப்பவர், மறதிநோயுள்ள முதியவர், பேச்சு வராத குழந்தை ஆகியோரால் அது இயலாது. இவர்களோடு இன்னொரு கூட்டத்தாரையும் சேர்க்க வேண்டும்: மிஸ் செய்வதெல்லாம் ஏதோ காரணத்தோடுதான் என்று நம்பி, வலியைப் பொறுத்துக்கொண்டு பேசாமல் கிடக்கும் கிராமத்து அம்மாமாரை நம்முடைய விடுதிகளில் வேலைசெய்த எவரும் அறிவர். விடியற்காலையில், விளக்குகள் பாதி அணைந்திருக்க, இரவுப் பணி முடியும் தறுவாயில், காலைச் சுற்றுக்கு முன் பெறுபேறு வர வேண்டுமென்று வரிசையாகக் குருதி எடுக்கும் வேளையில் இவை அனைத்தும் ஒன்றுகூடிவிடுகின்றன.

கையில் இருக்கும் தெரிவுகள்

ஒருமுறை பயன்படுத்தி வீசும் பட்டி, லேட்டெக்ஸ் (இயற்கை இறப்பர்) கலவாத தட்டையான நாடாவாகச் சுருளிலோ கட்டாகவோ வரும். தொற்றுக் கோணத்தில் இதற்கு இணையில்லை. லேட்டெக்ஸ் ஒவ்வாமை உள்ளவருக்கும் தீங்கில்லை. செலவைப் பொறுத்தவரை எளிய கணக்கொன்றே போதும். 40 கட்டில்களுக்கும் நாளொன்றுக்கு இரண்டு தடவை கட்டு விழுவதாக வைத்துக்கொண்டால் நாளுக்கு 80, மாதத்துக்கு 2,400 பட்டிகள் வேண்டும். அந்த எண்ணிக்கை மாதந்தோறும் தடையின்றி வருமென்று எந்தக் களஞ்சியமும் உறுதி கூறுவது கடினம். வராத மாதத்தில் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததே: ஒருமுறைப் பட்டி சீருடைப் பைக்குள் புகுந்துகொண்டு நாள்முழுதும் கட்டில் கட்டிலாகப் பயணம் செய்யும். ஒருமுறைப் பட்டியின் பெயரும் பலமுறைப் பட்டியின் அழுக்கும் சேர்ந்த இந்த நிலை, இரண்டிலும் மோசமானது.

இதைவிட முக்கியமான குறை வேறொன்று. வீசப்போகும் பொருளை யாரும் தேடுவதில்லை. துணிப்பட்டி ஒன்று காணாமற்போனால் அடுத்த நோயாளிக்குக் கட்டப் பட்டியில்லாமல் கை நிற்கும், "பட்டி எங்கே?" என்ற கேள்வி தானாக எழும்; முந்திய கட்டிலுக்குத் திரும்பிப் போக வைக்கும். ஒருமுறைப் பட்டி அந்தக் கேள்வியை எழவிடாது. அடுத்ததை உருவிக்கொண்டு போய்விடலாம். மலிவாகவும் தாராளமாகவும் கிடைப்பதே இங்கே பாதுகாப்பைக் குறைக்கிறது.

கொளுவியுடன் வரும் நெய்த துணிப்பட்டியைப் பலரும் விரும்புவதற்குக் காரணம், அதை ஒற்றைக் கையால் தளர்த்தலாம் என்பதுதான். ஊசி ஒரு கையில் இருக்கும்போது மற்றக் கையால் கொளுவியின் நாவை அமுக்கினால் பட்டி தளர்ந்துவிடும். அந்த வசதி சிறியதல்ல. ஆனால் துணி வியர்வையையும் குருதியையும் உறிஞ்சும். திருகோணமலையின் புழுக்கத்தில் மதியத்துக்குள்ளேயே அது ஈரமாகிவிடும். ஸ்பிரிட் பஞ்சினால் துடைத்தால் மேற்புறம் மட்டுமே சுத்தமாகும். நெசவின் உட்புறம் அப்படியே இருக்கும். பல நாடுகளில் மீள்பயன் பட்டிகளைச் சோதித்தபோது மருந்துக்கு எளிதில் அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. உட்பட ஸ்டஃபிலோகொக்கஸ் கிருமிகள் அவற்றில் காணப்பட்டிருக்கின்றன. பட்டியில் கிருமி இருப்பது நிறுவப்பட்ட அளவுக்கு, பட்டியால்தான் தொற்று வந்தது என்பது நிறுவப்படவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயினும் துவைக்கவும் உலர்த்தவும் ஒழுங்கான ஏற்பாடில்லாத விடுதி துணிப்பட்டியை வைத்திருக்க நியாயமில்லை.

துடைக்கக்கூடிய சிலிக்கன் பட்டி இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வழுவழுப்பான மேற்பரப்பாதலால் 70 சதவீத அல்ககோலால் துடைத்து உலரவிட்டால் அடுத்தவருக்குப் பயன்படுத்தலாம். உலர்வதற்கான அரை நிமிடத்தை எவரும் பொறுத்திருப்பதில்லை என்பது நடைமுறைக் குறை; ஒரு ட்ரேயில் இரண்டை வைத்து மாற்றி மாற்றி எடுத்தால் அது தீரும். சாதாரண இறப்பர்ப் பட்டி வெப்பத்திலும் கடற்காற்றிலும் சில மாதங்களில் பிசுபிசுத்து வெடிக்கும். சிலிக்கன் அதைவிட நாள் தாங்கும்.

நோயாளிக்கு ஒரு பட்டி என்ற முறையும் உண்டு. அனுமதிக்கப்படும்போது ஒன்றைக் கொடுத்து, கட்டில் எண்ணை எழுதி, வீடு திரும்பும்போது அகற்றிவிடுவது அம்முறை. மாதத்துக்கு 2,400 என்பது அனுமதிகளின் எண்ணிக்கையளவுக்குச் சுருங்கும். தொற்று ஆபத்தும் ஏறத்தாழ நீங்கும். காகிதத்தில் பார்த்தால் இதுவே சிறந்த தெரிவு. எனக்குள்ள தயக்கம், பட்டி எப்போதும் நோயாளியின் அருகிலேயே இருப்பதில்தான். மேசையில் இருக்க வேண்டிய பட்டி மேசையிலா, லாச்சியிலா, தலையணைக்குக் கீழா, கையிலா என்று யாரும் கவலைப்பட மாட்டார்கள். தனிமைப்படுத்தப்பட்ட நோயாளருக்கு இம்முறை ஏற்றது. விடுதி முழுவதற்கும் ஏற்றதென்று என்னால் பரிந்துரைக்க முடியவில்லை.

கையுறையையோ சேலைன் குழாயின் துண்டையோ முடிந்து கட்டுவது ஒரு தெரிவென்று சொல்லத் தகுந்ததல்ல, ஆனாலும் நடக்கிறது. இழுத்துக் கட்டிய கையுறை ஒரு கயிறுபோல் சுருண்டு, குறுகிய ஒரே கோட்டில் அழுத்துகிறது. முடிச்சு இறுகினால் ஒற்றைக் கையால் அவிழாது. வெளிறிய நிறம் தோலோடும் படுக்கை விரிப்போடும் கலந்துவிடும். இதைத் தடைசெய்யும் சுற்றறிக்கையை மட்டும் ஒட்டிவிட்டுப் பட்டி கொடுக்காமல் இருந்தால், அடுத்த நாளே கையுறை திரும்பி வந்துவிடும்.

கடைசியாக, அதிகம் பேசப்படாத இரண்டு. குருதியழுத்தமானியின் பட்டையை 40 முதல் 60 மி.மீ. இரசம் வரை ஊதிவைத்தாலே நாளம் நன்றாகப் புடைக்கும்; காகிதம்போல் மெல்லிய தோலுள்ள முதியவர்களுக்கு அது மென்மையானது; குழாயும் மானியும் தொங்குவதால் மறப்பதும் கடினம். எல்லோருக்கும் போதிய பட்டைகள் இல்லாததாலும், பட்டையைச் சுத்தமாக வைத்திருப்பது தனியொரு சிக்கல் என்பதாலும், இதைக் கடினமான நாளங்களுக்கு மட்டும் ஒதுக்கலாம். கைக்குழந்தைகளுக்கு மற்றொரு தாதி தன் கையால் சுற்றிப் பிடிப்பது போதும். கொழுகொழுத்த கையின் மடிப்புக்குள் பட்டி புதைந்து போவதைப் பார்த்தவர்கள் இதன் அருமையை உணர்வர்; பிடித்திருக்கும் கையை யாரும் நோயாளியிடம் விட்டுவிட்டுப் போவதில்லை.

ஒரு நிமிடமும் பி.சி.வி.யும்

பட்டி எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதில் கருத்து வேறுபாடு அதிகமில்லை. ஆய்வுகூடத் தரநெறிகள் ஒரு நிமிடம் என்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2010 இல் வெளியிட்ட குருதி எடுத்தல் வழிகாட்டி, பட்டியைக் குத்துமிடத்துக்கு நான்கைந்து விரலளவு மேலே கட்டவும், ஊசியை உருவுவதற்கு முன் தளர்த்தவும் சொல்கிறது. இரண்டு நிமிடத்தைத் தொடுமுன் அவிழ்த்துவிட வேண்டும் என்பதும் அதில் எடுத்துக்காட்டப்படுகிறது. நாளம் ஒரு நிமிடத்தில் அகப்படாவிட்டால் பட்டியைத் தளர்த்தி, இரண்டு நிமிடம் விட்டு, மீண்டும் கட்ட வேண்டும்.

இந்த விதி திருகோணமலையில் குறிப்பாகப் பொருந்துவதற்குக் காரணம் டெங்கு. 2017 இன் பெருந்தொற்றில் கிண்ணியா எவ்வளவு துன்பப்பட்டது என்பதை இம்மாவட்டத்துச் சுகாதார ஊழியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டெங்கின் நெருக்கடிக் கட்டத்தில் குருதிநீர் நாளங்களுக்கு வெளியே கசிகிறதா என்பதைப் பி.சி.வி. (குருதியில் செங்கலங்கள் பிடிக்கும் சதவீதம்) ஏறுகிறதா என்று பார்த்தே அறிகிறோம். சில மணிநேரத்துக்கு ஒருமுறை அதை அளந்து, அதற்கேற்பத் திரவத்தைக் கூட்டுகிறோம் அல்லது குறைக்கிறோம். பட்டி நீண்ட நேரம் இறுகியிருந்தால் கைக்குள் தேங்கிய குருதியிலிருந்தும் நீர் வெளியே கசிந்து, செங்கலங்கள் செறிந்து, பி.சி.வி. உயர்ந்து காட்டும். நோய் செய்ததையும் பட்டி செய்ததையும் அந்த எண் பிரித்துச் சொல்லாது. காலை ஆறு மணி மாதிரியைப் பட்டியை உடன் அவிழ்த்து ஒருவரும், ஒன்பது மணி மாதிரியை மூன்று நிமிடம் தடவித் தடவித் தேடி இன்னொருவரும் எடுத்தால், இடைப்பட்ட ஏற்றத்தை நம்பித் திரவத்தைக் கூட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை விளக்கத் தேவையில்லை. குருதிச் சிறுதட்டுகள் குறைந்த நோயாளியின் கையில் இறுகிய பட்டி சிவப்புப் புள்ளிகளையும் கன்றலையும் உண்டாக்கும் என்பது வேறு. டெங்கைச் சோதிக்க அழுத்தமானிப் பட்டையை ஐந்து நிமிடம் ஊதிவைக்கும் சோதனையும் இதே இயல்பைக் கொண்டு செய்யப்படுவதுதான்; அதைக் குருதி எடுக்கும் கட்டோடு குழப்பிக்கொள்ளக்கூடாது.

சிறுநீரக நோயாளரின் பொற்றாசியத்திலும் இதே கதைதான். பட்டியைக் கட்டிவிட்டு, "கையை மூடித் திறவுங்கோ" என்று நோயாளியைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தால், தசையிலிருந்து பொற்றாசியம் வெளியேறி அளவு பொய்யாக ஏறும். கையைப் பொத்தி வைத்திருக்கச் சொல்வது போதும். குருதிச் சுத்திகரிப்புக்காக நாடியையும் நாளத்தையும் இணைத்து வைத்த கையில் பட்டி கட்டவே கூடாது.

நேரத்தை அளக்க ஒலியெழுப்பும் கடிகாரம் வைப்பதா என்ற கேள்வி சில இடங்களில் எழுவதுண்டு. எல்லாத் திசையிலும் ஏதோவொன்று ஒலித்துக்கொண்டிருக்கும் விடுதியில் இன்னோர் ஒலியைச் சேர்ப்பதை நான் விரும்பவில்லை. நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேடான பெட் ஹெட் டிக்கெட்டில் "பட்டி அகற்றப்பட்டது" என்று அடையாளமிடச் செய்வதும் அப்படித்தான். எழுதும் வேலை மிகுந்த இடத்தில் அந்த அடையாளம் செயலுக்கு முன்னரே விழுந்துவிடும்.

சத்திரசிகிச்சைக்கூடமும் வெளியிலிருந்து வரும் கட்டும்

சத்திரசிகிச்சையின்போது கைக்கோ காலுக்கோ செல்லும் குருதியை நிறுத்திவைக்கும் காற்றழுத்த டூர்னிகெட் வேறு வகைப் பொருளாதலால் சுருக்கமாகவே சொல்லலாம். 1904 இல் ஹார்வி குஷிங் அறிமுகப்படுத்திய நாளிலிருந்து இதன் அடிப்படை மாறவில்லை. மாறியது அழுத்தத்தைத் தீர்மானிக்கும் முறை. கைக்கு 250, காலுக்கு 300 மி.மீ. இரசம் என்று எல்லோருக்கும் ஒரே அளவை வைப்பது பழைய வழக்கம். நாடியோட்டம் நிற்கும் அழுத்தத்தை அந்தந்த நோயாளியில் அளந்து, அது 130 வரை என்றால் 40, 131 முதல் 190 வரை என்றால் 60, அதற்கும் மேலென்றால் 80 கூட்டிக்கொள்வது இன்றைய முறை. பெரும்பாலோருக்கு இது குறைந்த அழுத்தத்திலேயே முடியும். நரம்புக்கும் தோலுக்கும் நல்லது. அதைத் தானே அளக்கும் இயந்திரம் இல்லாவிட்டால் குருதியோட்டத்தை ஒலியாகக் காட்டும் டொப்ளர் கருவி கொண்டு அளக்கலாம். இரண்டில் எதைத் தெரிவுசெய்தாலும் மானியைத் தவறாமல் ஒப்புநோக்கிச் சரிபார்ப்பதும், ஊதிய நேரத்தைப் பலகையில் எழுதி வைப்பதும், இரண்டு மணிநேரத்தைத் தாண்டவிடாமல் உரக்க அறிவிப்பதும் தாதியின் பொறுப்பில் வருபவை.

விரலில் சத்திரசிகிச்சை செய்யும்போது டூர்னிகெட்டாகக் கையுறையின் விரலை வெட்டி மாட்டும் பழக்கத்தைப் பற்றி மட்டும் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். மருந்துக் கட்டுக்குள் அது மறைந்துபோய் விரலே அழுகிவிடக்கூடும். ஐக்கிய இராச்சியத்தின் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை 2009 டிசம்பரில் விடுத்த எச்சரிக்கை, கையுறையை இவ்வாறு பயன்படுத்துவதை நிறுத்தி, கண்ணைப் பறிக்கும் நிறமுள்ள விரல் டூர்னிகெட்டையே பயன்படுத்துமாறும், பஞ்சுத் துண்டுகளை எண்ணுவதுபோல் அதையும் எண்ணுமாறும் கூறியது. அந்த எண்ணும் யோசனையை விடுதிக்கும் கொண்டுவரலாம் என்பதே என் எண்ணம்.

கந்தளாய், மூதூர்ப் பக்கத்து வயல்களிலிருந்து பாம்புக் கடியுடன் வருவோரின் காலில் சாரத் துண்டோ கயிறோ இறுகக் கட்டப்பட்டிருப்பதைக் காணலாம். பாம்புக் கடிக்கு இறுக்கக் கட்டுப் போடக்கூடாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆனால் ஏற்கெனவே கட்டி வந்ததைப் பதறிப்போய் அறுத்தெறிவதும் தவறு. தேங்கிய நஞ்சு திடீரென உடலுக்குள் பரவக்கூடும். நாளவழியைத் திறந்து, நஞ்சுமுறி மருந்தையும் மூச்சுக்கு உதவும் கருவிகளையும் தயாராக வைத்துக்கொண்டு, மருத்துவர் அருகில் இருக்கும்போதே தளர்த்த வேண்டும். விபத்தில் குருதிப்பெருக்கை நிறுத்தக் கட்டியதாயின் கட்டிய நேரத்தைக் கேட்டு நெற்றியிலோ அந்தக் கட்டின் மீதோ எழுதி வைப்பது முதல் வேலை. சிறிய வைத்தியசாலையிலிருந்து மாற்றி அனுப்பப்படுபவரிடம், கனூலா போட்டு அனுப்பிய கையில் பட்டியும் சேர்ந்து வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டியிருப்பதால், அம்பியூலன்சிலிருந்து இறக்கியவுடன் இரு கைகளையும் தோள்வரை திறந்து பார்ப்பதை வரவேற்பின் முதற்படியாக்கலாம்.

நான் தெரிவுசெய்வது

மேலே சொன்ன 40 கட்டில் விடுதிக்கு நான் பரிந்துரைப்பது, செம்மஞ்சள் நிறத்தில் துடைக்கக்கூடிய சிலிக்கன் பட்டி. நிறத்தை விருப்பத்துக்கு விட்டுவிடக்கூடாது. விரிப்பின் வெள்ளையும் பச்சையும், போர்வையின் நீலமும் எந்தத் தோலின் நிறமும் அல்லாத ஒன்றாக அது இருக்க வேண்டும். மூன்று மொழிகளில் எழுதிய அறிவித்தலைப் படிக்காதவரும் அதைப் பார்ப்பார். வால் நீளமாகத் தொங்கும் பட்டியாக எடுத்தால் சட்டைக் கை இறங்கினாலும் நுனி வெளியே தெரியும். நெய்த துணிப்பட்டியைக் கைவிட்டுவிடலாம். ஒருமுறைப் பட்டியை அளவாக வாங்கி, தனிமைப்படுத்தப்பட்டவர், திறந்த காயம் அல்லது தோல் நோய் உள்ளவர், எதிர்ப்புச்சக்தி குன்றியவர் ஆகியோருக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். அவர்களிடம் பயன்படுத்திய பட்டியையும் கட்டிலருகே வீசாமல், ட்ரேக்குக் கொண்டுவந்த பின்பே கழிவுப் பைக்குள் போட வேண்டும். இது வீண் நடை போலத் தோன்றும். வீசப்போகும் பொருளையும் தேட வைப்பதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

பொருளோடு இரண்டு பழக்கங்கள் சேர வேண்டும். முதலாவது, பட்டி கழன்ற பிறகே பிளாஸ்டர் என்ற வரிசை. கனூலாவில் குருதி தெரிந்து, குழலை உள்ளே தள்ளியவுடன் பட்டியை அவிழ்த்து ட்ரேயில் போட வேண்டும். அது ட்ரேயில் கிடப்பதைக் கண்ட பின்புதான் பிளாஸ்டரைக் கையில் எடுக்க வேண்டும். வேலையின் ஓட்டத்துக்குள்ளேயே அமைந்த இந்த வரிசைக்கு எழுத்தும் ஒலியும் தேவையில்லை. பயிற்சிக் காலத்திலேயே மாணவத் தாதியரின் கைக்கு இதைப் பழக்கிவிட்டால் பின்னர் நினைவூட்ட வேண்டியிராது. உள்ளகப் பயிற்சி மருத்துவர்களுக்கு அவர்கள் விடுதிக்கு வரும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கட்டும்போது நோயாளியிடமும் ஒரு வார்த்தை: "அம்மா, இது கொஞ்சம் இறுக்கும், ஒரு நிமிசத்தில அவிழ்த்துவிடுவன். நான் மறந்தா உடன சொல்லுங்கோ." பேச முடியாதவரின் அருகிலிருக்கும் உறவினரிடமும் இதையே சொல்லலாம், சிங்களத்தில் இந்த ஒரு வசனத்தையாவது எல்லோரும் மனப்பாடம் செய்துவைத்திருப்பது நல்லது.

இரண்டாவது, எண்ணிக்கை. ஒவ்வொரு ட்ரேக்கும் இரண்டு பட்டிகள், ட்ரேயின் இலக்கம் பட்டியிலும் எழுதப்பட்டிருக்கும். பையில் யாரும் வைத்திருக்கக்கூடாது. காலையில் பணி கைமாறும்போது அபாயகர மருந்துகளை எண்ணுவதோடு சேர்த்து இவற்றையும் எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் லாச்சியையும் அலுமாரியையும் தேடுவதற்கு முன்பு நோயாளரின் கைகளைப் பார்க்க வேண்டும்: இரவில் கனூலா போடப்பட்டவர்கள் முதலில், கூப்பிட முடியாதவர்கள் அடுத்து, பின்னர் எஞ்சிய எல்லோரும். இரவிலிருந்து வேறு விடுதிக்கோ, ஸ்கேனுக்கோ, சத்திரசிகிச்சைக்கூடத்துக்கோ அனுப்பப்பட்டவர்கள் இருந்தால் அங்கே தொலைபேசியில் கேட்க வேண்டும். அந்தத் தேடல் முடியும்வரை கைமாற்றப் பதிவேட்டில் இரு தரப்பினரும் ஒப்பமிடக்கூடாது.